இணையவழிப் பாடங்களுக்கான நிதி ஆசிரியரின் நேரத்துக்குப் போகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இளநிலை மாணவர்களுக்கான பாடங்களை இணையவழியில் உருவாக்க ஆசிரியர்களுக்கு நிதி தருவதாகப் பல்கலைக்கழகங்கள் அறிவிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. வரவேற்க வேண்டிய செய்திதான். அந்த அறிவிப்புகளில் தொகை இருக்கும், விண்ணப்பிக்கக் கடைசித் தேதி இருக்கும், எத்தனை மணி நேர வீடியோ வேண்டும் என்றுகூட இருக்கும். பாடத்தை உருவாக்கும் ஆசிரியருக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கப்படும் என்ற வரி மட்டும் இருக்காது. அந்த வரியை எப்படி எழுதுவது, அது இல்லாவிட்டால் எங்கெங்கே பிசகும் என்பதை, நிதி ஒதுக்குபவர்களும் விண்ணப்பிக்க நினைக்கும் ஆசிரியர்களும் பார்க்கும்படி இங்கே எழுதுகிறோம்.

முதலில் மாணவர் பக்கத்திலிருந்து கணக்குப் போட வேண்டும். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பின்பற்றும் கிரெடிட் முறையில் ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அப்படியானால் 6 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 150 முதல் 180 மணி நேரம். அதை 12 வாரத்தில் நடத்தினால் வாரத்துக்குப் பன்னிரண்டரை முதல் 15 மணி நேரம். இதில் வீடியோ பார்க்கும் நேரம் எவ்வளவு? வாரத்துக்கு ஏழு நிமிட வீடியோ நான்கு என்று வைத்தால் 28 நிமிடம். மீதி நேரம் முழுவதும் வாசிப்பு, கணக்குப் போடுதல், ஒப்படைப்பு எழுதுதல், சக மாணவர்களோடு விவாதித்தல். இவையெல்லாம் தாமாக நடந்துவிடுவதில்லை. ஒவ்வொன்றையும் ஆசிரியர் உட்கார்ந்து எழுத வேண்டும். நிதியில் பெரும்பங்கு அந்த 28 நிமிடத்தைப் படம்பிடிக்கும் கேமராவுக்கும் ஸ்டூடியோவுக்கும் போய்விடுவதுதான் நாம் காணும் முதல் கோளாறு.

இனி ஆசிரியர் பக்கம். ஏழு நிமிட வீடியோ ஒன்றுக்கு உரை எழுத 3 மணி, ஸ்லைடு தயாரிக்க 2 மணி, ஒத்திகையும் பதிவும் ஒன்றரை மணி, எடிட் செய்து வந்ததைச் சரிபார்க்க முக்கால் மணி, சப்டைட்டில் திருத்த முக்கால் மணி என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 8 மணி. வாரத்துக்கு நான்கு வீதம் 12 வாரத்துக்கு 48 வீடியோ என்றால் 384 மணி. வாரத்துக்கு 20 வினா வீதம் 240 வினா கொண்ட வினாவங்கி வேண்டும். தவறான விடை ஒவ்வொன்றும் ஏன் தவறு என்று ஒரு வரி விளக்கமும் சேர்த்து எழுதினால் வினா ஒன்றுக்கு 25 நிமிடம்; அது 100 மணி. மதிப்பெண் பகுப்பு அட்டவணையோடு நான்கு ஒப்படைப்புகளுக்கு 32 மணி. தொடக்கத் திட்டமிடலுக்கு 40 மணி. பிற ஆசிரியர்கள் பார்த்துச் சொன்ன திருத்தங்களைச் செய்ய 44 மணி. கூட்டினால் சரியாக 600 மணி நேரம். மிகைப்படுத்திய கணக்கல்ல இது. ஆய்வகப் பயிற்சி உள்ள பாடமாக இருந்தால் இன்னும் கூடும்.

இந்த 600 மணி எங்கிருந்து வரும்? வாரம் நான்கு பாடவேளை உள்ள ஒரு வகுப்பு, தயாரிப்பும் விடைத்தாள் திருத்தலும் சேர்த்து ஆசிரியரிடமிருந்து ஏறக்குறைய 10 மணி நேரத்தை எடுக்கிறது. 16 வார செமஸ்டரில் அந்த ஒரு வகுப்பிலிருந்து அவரை விடுவித்தால் 160 மணி கிடைக்கும். இரண்டு செமஸ்டர்களில், செமஸ்டருக்கு ஒரு வகுப்பு குறைத்தால் 320. இடைப்பட்ட விடுமுறையில் ஆறு வாரம், வாரத்துக்கு 30 மணி என்று ஊதியத்தோடு சேர்த்தால் 180. ஆக 500 மணி. மீதி 100 மணி வேலையை, அதாவது சப்டைட்டில் திருத்தல், வினாக்களைத் தளத்தில் ஏற்றுதல், படங்களுக்கு விவரம் எழுதுதல் போன்றவற்றை, ஆய்வு மாணவர் ஒருவரிடமோ பாட வடிவமைப்பாளரிடமோ கொடுக்கலாம். விடுவித்த வகுப்புகளை நடத்தத் தற்காலிக ஆசிரியருக்கான ஊதியம்தான் நல்கையின், அதாவது பாடம் உருவாக்கத் தரும் இந்த நிதியின், மிகப் பெரிய செலவினமாக இருக்க வேண்டும். பல நல்கைகளில் அந்தத் தலைப்பே இருப்பதில்லை. மதிப்பூதியம் என்று ஒரு தொகையை ஆசிரியர் கையில் கொடுத்துவிட்டு, வகுப்புச் சுமையைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். மதிப்பூதியம் வாங்கியவருக்கும் நாளுக்கு 24 மணி நேரம்தானே.

கேமராவுக்கும் ஸ்டூடியோவுக்கும் பணம் போவதற்கு யாருடைய பேராசையும் காரணமல்ல. நிதியாண்டின் கடைசி மாதங்களில்தான் ஒப்புதல் வருகிறது. ஆண்டு முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் தொகை திரும்பப் போய்விடும். ஆறு வாரத்தில் ஒப்பந்தப்புள்ளி கேட்டுக் கருவி வாங்கிவிடலாம். ஆறு வாரத்தில் 600 மணி நேர உழைப்பை வாங்க முடியாது. ஆகவே வாங்க முடிந்ததை வாங்குகிறார்கள். இதற்கு மருந்து எளிது: நல்கையின் காலம் 24 மாதம் என்றும், செலவழியாத தொகை அடுத்த ஆண்டுக்குத் தானாகக் கொண்டு செல்லப்படும் என்றும் ஒப்புதல் ஆணையிலேயே எழுதிவிட வேண்டும். நிதி அலுவலர் இதைப் பின்னர் ஒரு சுற்றறிக்கையால் சரிசெய்ய முடியாது. ஆணையில் இல்லையென்றால் தணிக்கையில் கேள்வி வரும்.

பணத்தை ஒரே தடவையில் கொடுப்பதும் கூடாது, வேலை முழுவதும் முடிந்த பிறகு கொடுப்பதும் கூடாது. முதல் வகையில் பாடம் ஐந்தாம் வாரத்தோடு நின்றுவிடும். இரண்டாம் வகையில் கைப்பணம் போடக்கூடியவர் மட்டுமே விண்ணப்பிப்பார். நான்கு தவணை போதும். பாட வரைபடம் ஒப்புதலானதும் 20 சதவீதம். ஒரு வாரப் பாடம் முழுமையாக உருவாகி, மாணவர்களிடம் சோதித்துப் பார்த்ததும் 30. எல்லா வாரங்களும் முடிந்து, பாடம் தெரிந்த ஒருவரும் பாடம் தெரியாத ஒருவரும் சரிபார்த்ததும் 30. முதல் முறை நடத்தி, அதில் கண்ட குறைகளைத் திருத்திய பின் கடைசி 20. அந்தக் கடைசித் தவணை மிக முக்கியம். எந்தப் பாடமும் முதல் ஓட்டத்தில் சரியாக இருக்காது. திருத்துவதற்குப் பணம் மிச்சம் இல்லாத பாடம் அதே பிழைகளோடு ஆண்டுதோறும் நடக்கும்.

பாட வரைபடம் என்பது பாடத்திட்டத்தை வாரம் வாரமாக வெட்டி ஒட்டுவதல்ல. நான்கு நெடுவரிசை உள்ள ஓர் அட்டவணை அது: வார முடிவில் மாணவரால் என்ன செய்ய முடிய வேண்டும், அதை எப்படிச் சோதிப்போம், அதற்கு என்ன பயிற்சி, அந்தப் பயிற்சிக்கு என்ன வாசிப்பும் வீடியோவும். இந்த வரிசையிலேயே நிரப்ப வேண்டும். வீடியோவிலிருந்து தொடங்குபவர்கள் கையில் இருக்கும் வகுப்புக் குறிப்புகளை எல்லாம் பதிவு செய்துவிட்டு, கடைசியில் அவசரமாகத் தேர்வு எழுதுகிறார்கள். அப்போது வீடியோவில் சொல்லாதது தேர்வில் வரும். வீடியோவில் அரை மணி விளக்கியது எங்குமே வராது.

இரண்டாம் தவணைக்காகச் சோதித்துப் பார்க்கும் மாதிரி வாரமாக முதல் வாரத்தை எடுக்கக் கூடாது. முதல் வாரம் அறிமுகம். எந்தப் பாடத்திலும் அது நன்றாகவே இருக்கும். மாணவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் நடுவாரம் ஒன்றை, ஐந்தாவதோ ஆறாவதோ, எடுத்து முழுமையாகச் செய்ய வேண்டும். ஐந்து மாணவர்களை அவரவர் கைப்பேசியிலேயே அதைச் செய்யச் சொல்லிவிட்டு, ஆசிரியர் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். விளக்கம் சொல்லக் கூடாது. எந்த இடத்தில் விரல் நிற்கிறது, எந்த வழிமுறையை இரண்டு முறை படிக்கிறார்கள், சமர்ப்பிக்கும் பொத்தானைத் தேடுகிறார்களா என்று குறித்துக்கொண்டாலே போதும். வேலை தொடங்கி எட்டு வாரத்துக்குள் இந்தச் சோதனையை நடத்தினால், மீதி 11 வாரப் பாடத்தில் அதே பிழைகளைத் திரும்பச் செய்யாமல் தப்பலாம்.

வீடியோ நீளத்தைப் பற்றி ஊகிக்கத் தேவையில்லை. பல்கலைக்கழகப் பாடங்களை இணையத்தில் வழங்கும் எட்எக்ஸ் தளத்தில் 69 இலட்சம் வீடியோ பார்வைகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வு, வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர் ஈடுபட்டிருக்கும் இடைநிலை நேரம் ஆறு நிமிடத்தைத் தாண்டுவதில்லை என்று காட்டியது. வகுப்பில் எடுத்த 50 நிமிட விரிவுரையை அப்படியே ஏற்றினால் முதல் சில நிமிடங்களுக்குப் பிறகு பேசுவது பலருக்கும் போய்ச் சேராது. ஆகவே நல்கை விதியில் ‘குறைந்தது 20 மணி நேர வீடியோ’ என்று எழுதுவதை நிறுத்த வேண்டும். அப்படி ஒரு விதி இருந்தால், சுருக்கமாகப் பேசத் தெரிந்த ஆசிரியரும் இழுத்துப் பேச வேண்டியிருக்கிறது.

படத்தைவிட ஒலிக்குக் கவனம் தேவை. மங்கலான படத்தை மாணவர் பொறுத்துக்கொள்வார். எதிரொலிக்கும் குரலைப் பத்து நிமிடம்கூடக் கேட்க முடியாது. காலியான வகுப்பறையில் பதிவு செய்வதுதான் வழக்கமான தவறு: வெறும் சுவரும் தரையும் குரலைத் திருப்பி அனுப்பும். ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். தட்டிய ஒலி கணகணவென்று தொடர்ந்தால் அந்த அறை வேண்டாம். திரைச்சீலையும் புத்தக அலமாரியும் உள்ள சிறிய அறை நல்லது. காலர் மைக்கை மோவாய்க்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் பொருத்த வேண்டும். மேசை மைக் என்றால் வாயிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர். மின்விசிறியும் ஏசியும் நிறுத்தியிருக்க வேண்டும். ஒலி அளவு காட்டியில் உச்சம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவில் நிற்கட்டும். பேசத் தொடங்கும் முன் அரை நிமிடம் அமைதியையும் பதிவு செய்து வைத்தால், அறையின் இரைச்சலை எடிட்டிங்கில் நீக்க அது உதவும்.

பேசும்போது தேதி, பாடநூலின் பக்க எண், ‘அடுத்த வாரத் தேர்வு’, ‘சென்ற வகுப்பில் பார்த்தோமே’ போன்ற எதுவும் வாயில் வரக் கூடாது. அந்த ஒரு சொல்லுக்காக அடுத்த ஆண்டு முழு வீடியோவையும் மறுபடி பதிவு செய்ய வேண்டிவரும். மாறக்கூடிய எதையும் வார அறிமுகப் பக்கத்தில் எழுத்தாக வைத்தால் இரண்டு நிமிடத்தில் திருத்திவிடலாம். ஆண்டுதோறும் விதிகள் மாறும் வரிச் சட்டம், பதிப்புக்குப் பதிப்பு திரை மாறும் மென்பொருள் பயிற்சி ஆகியவற்றில் வீடியோவைக் குறைத்து எழுத்தைக் கூட்டுவதே அறிவு.

மாணவரின் டேட்டாவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நொடிக்கு ஒன்றரை மெகாபிட் வீதத்தில் ஏற்றிய பத்து நிமிட வீடியோ ஏறக்குறைய 112 எம்பி. ஸ்லைடும் குரலும் மட்டும் உள்ள வீடியோவை நொடிக்கு 400 கிலோபிட்டில் சுருக்கினாலும் எழுத்து தெளிவாகவே இருக்கும். அது 30 எம்பிதான். குரலை மட்டும் 64 கிலோபிட்டில் தனியாகக் கொடுத்தால் 5 எம்பிக்குள் முடிந்துவிடும். மூன்றையும் தரவிறக்கும் வசதியோடு வைக்கலாம். இதற்குக் கூடுதல் பணம் வேண்டாம், எடிட் செய்பவருக்கு முன்கூட்டியே சொன்னால் போதும்.

சப்டைட்டில் தானாக உருவாவதால் அந்த வேலை முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். கலைச்சொல், ஆட்பெயர், சூத்திரம் மூன்றிலும் இயந்திரம் தவறும், அதாவது பாடத்தில் எது முக்கியமோ அங்கேயே தவறும். சப்டைட்டிலும், எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5-க்கு 1 என்ற குறைந்தபட்ச நிற வேறுபாடும் உலகளாவிய இணைய அணுகல் வழிகாட்டு நெறிகளில் உள்ளவை. வரைபடத்தில் ‘சிவப்புக் கோட்டைப் பாருங்கள்’ என்று மட்டும் சொன்னால் நிறம் பிரித்தறிய முடியாத மாணவர் விலக்கப்படுகிறார்; கோட்டுக்கு ஒரு பெயரும் வேண்டும். சமன்பாட்டை விவரம் எழுதாமல் படமாக ஒட்டினால், பார்வையற்ற மாணவருக்குத் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பான் அதைத் தாண்டிப் போய்விடும். தமிழில் பாடம் எழுதுபவர்களுக்கு இன்னொன்று: பழைய குறியீட்டு எழுத்துருவில் தட்டச்சு செய்த பிடிஎஃப்பைத் திரைவாசிப்பானாலும் படிக்க முடியாது, அதற்குள் எதையும் தேடவும் முடியாது. ஒருங்குறியில் (யூனிகோடில்) அமைந்த கோப்பாக இருக்க வேண்டும் என்பதை நல்கை நிபந்தனையிலேயே சேர்க்கலாம். முடிந்த பாடத்தில் இதையெல்லாம் பிறகு திருத்துவதானால், முதலிலேயே செய்வதைவிடப் பல மடங்கு உழைப்பு.

பதிப்புரிமையில் சிக்கும் பாடங்கள் ஏராளம். நான்கு சுவருக்குள் வகுப்பில் காட்டலாம் என்ற விலக்கு, இணையத்தில் ஏற்றுவதற்கும் அப்படியே பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. முதல் படத்தை எடுக்கும் அன்றே ஓர் அட்டவணை தொடங்கி, படம், உருவாக்கியவர், உரிமம், எடுத்த இடம் என நான்கையும் குறிக்க வேண்டும். கடைசியில் 300 படங்களுக்குத் தேடுவது யாராலும் ஆகாத காரியம். தம் படைப்பைப் பிறர் பயன்படுத்தலாம் என்று உருவாக்கியவரே முன்கூட்டி அனுமதி தரும், 2002 முதல் புழக்கத்தில் உள்ள கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களிலும் வேறுபாடு உண்டு: மாற்றம் செய்யக் கூடாது என்ற நிபந்தனை உள்ளதை மொழிபெயர்த்துப் பகிர முடியாது, வணிகப் பயன்பாடு கூடாது என்றிருந்தால் கட்டணப் படிப்பில் சேர்க்கும் முன் விசாரிக்க வேண்டும்.

உருவான பாடம் யாருடையது என்பதை முதல் தவணைக்கு முன்பே எழுத்தில் முடிவு செய்ய வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு ஐந்தாண்டு நடத்தும் உரிமை, ஆசிரியருக்குத் தம் உரையையும் வினாக்களையும் வேறிடத்தில் பயன்படுத்தும் உரிமை என்று பிரிப்பது இரு தரப்புக்கும் நியாயமாக இருக்கும். ஆசிரியர் வேலை மாறினால் பாடத்தை யார் திருத்துவார், திருத்திய பின் அவர் பெயர் இருக்குமா என்பதும் ஒப்பந்தத்தில் வேண்டும். அவர் முகத்தையும் குரலையும் கொண்டு செயற்கை நுண்ணறிவால் புதிய வீடியோ செய்ய, தனியாக எழுத்துமூல ஒப்புதல் தேவை என்ற வரியை இப்போதே சேர்ப்பது அவசியம். நேர்மையான ஆசிரியர்கள் இந்தப் பேச்சை எடுக்கத் தயங்குகிறார்கள். ஆகவே பதிவாளர் அலுவலகமே ஒரு மாதிரி ஒப்பந்தம் தர வேண்டும்.

ஒருமுறை செய்துவிட்டால் ஆயிரம் பேருக்கு ஆசிரியரே இல்லாமல் ஓட்டலாம் என்ற எண்ணம்தான் எங்களை மிகவும் கவலைப்பட வைக்கிறது. பாடப்பொருளும் பாடமும் ஒன்றல்ல. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2001-இல் தன் பாடப்பொருள்களை இலவசமாக இணையத்தில் வெளியிடப் போவதாக அறிவித்தபோதே, அதில் கிரெடிட்டோ ஆசிரியர் தொடர்போ கிடையாது என்று தெளிவாகச் சொன்னது. 1969-இல் தொடங்கப்பட்ட பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அச்சுப் பாடமும் ஒளிபரப்பும் வைத்திருந்தும், மாணவர்களுக்கென்று தனித்தனி வழிகாட்டி ஆசிரியர்களையும் வைத்தே நடத்தியது. எட்எக்ஸில் எம்ஐடியும் ஹார்வர்டும் வழங்கிய திறந்த பாடங்களில், 2017-18-இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பேர். பட்டத்துக்காகப் படிக்கும் இளநிலை மாணவரை அப்படிக் கைவிட முடியாது. முதல் முறை நடத்தும்போது 40 மாணவர்களுக்கு மேல் சேர்க்க வேண்டாம். பிறகும் 40 அல்லது 50 பேருக்கு ஓர் உதவி ஆசிரியர் வேண்டும். விவாதக் களத்தில் கேட்ட கேள்விக்கு 24 மணி நேரத்துக்குள் பதில், ஒப்படைப்புக்கு ஏழு நாளுக்குள் மதிப்பீடு என்று வைத்தால்தான் மாணவர் தங்குவார். இணையவழி வகுப்பையும் பணிச்சுமைப் பட்டியலில் முழு வகுப்பாகவே எண்ண வேண்டும். அரை வகுப்பாகக்கூட எண்ணாத துறைகள் உள்ளன.

பராமரிப்புக்கு, உருவாக்கிய நேரத்தில் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு, அதாவது மேலே சொன்ன பாடத்துக்கு 60 மணி, ஒதுக்கினால் போதும். இணைப்புகள் செத்துப்போகும். வினாக்கள் முதல் முறையிலேயே வெளியே போய்விடும் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். எண் மாறி மாறி வரும் கணக்குகளும், பத்து நிமிட வாய்மொழித் தேர்வும் இதற்கு ஈடு கொடுக்கும். ஸ்லைடின் மூலக்கோப்பு, எடிட் செய்யாத ஒலி, உரை எல்லாவற்றையும் வாரம், பகுதி, பதிப்பு எண் போட்டுச் சேமித்து ஒப்படைப்பதைக் கடைசித் தவணையின் நிபந்தனையாக்கலாம். முடிந்த வீடியோ மட்டும் கையில் இருந்தால் ஒரு எண்ணை மாற்றக்கூட வழியில்லை. வினாவங்கியைத் தளத்துக்குள் மட்டும் வைக்காமல், வேறு தளங்களும் ஏற்கும் க்யூடிஐ போன்ற பொது வடிவத்திலும் எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் பல்கலைக்கழகம் தளத்தை மாற்றும் நாளில் 240 வினாக்களையும் திரும்பத் தட்டச்சு செய்ய நேரிடும்.

எந்தப் பாடங்களுக்கு முதலில் நிதி? பல துறை மாணவர்கள் ஆண்டுதோறும் எடுக்கும், தோல்வி அதிகமுள்ள, நேர அட்டவணை மோதலால் பலர் தள்ளிப்போடும் அடிப்படைப் பாடங்களுக்கு. மூன்றாண்டுக்கு ஒருமுறை 12 பேர் எடுக்கும் விருப்பப் பாடத்துக்கு 600 மணி செலவழிப்பது, அது எவ்வளவு சிறந்த பாடமாக இருந்தாலும், இப்போதைக்கு வேண்டாம். விண்ணப்பம் இரண்டு பக்கம் போதும். அதில் துறைத்தலைவரின் கையெழுத்து, எந்த செமஸ்டரில் எந்த வகுப்பிலிருந்து விண்ணப்பதாரரை விடுவிக்கப் போகிறார், அந்த வகுப்பை யார் எடுப்பார் என்ற இரண்டு வரிகளுக்குக் கீழே இருக்க வேண்டும். அந்த வரிகள் காலியாக வரும் விண்ணப்பத்தைத் தேர்வுக் குழு பரிசீலிக்காமல் திருப்பி அனுப்பட்டும். பதவி உயர்வு விதிகளில் இந்த வேலைக்கு மதிப்பெண் சேர்க்கப்படும்வரை, தகுதிகாண் பருவத்தில் இருக்கும் இளம் ஆசிரியர்களை இதில் இழுத்துவிட வேண்டாம் என்றும் துறைத்தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இணையவழிப் பாட வடிவமைப்பில் பணியாற்றும் ஆசிரியர்கள்